"அந்தப் பெடியன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?"

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு திருகோணமலையில், கடற்கரையோரம். சுனாமி வந்தபோது உங்களுக்கு இரண்டு வயது. ஆறு வயது அண்ணாவைக் கடல் கொண்டுபோய்விட்டது, உடலும் கிடைக்கவில்லை. அண்ணாவின் முகம் உங்களுக்குச் சுவரில் இருக்கிற படத்தில்தான் தெரியும். அண்மையில் 'டோக்கியோ மேக்னிட்யூட் 8.0' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்தீர்கள். கடைசிப் பகுதிகளில் தொடங்கிய அழுகை இரண்டு நாளாகியும் நிற்கவில்லை. கூட இருந்து பார்த்த மச்சான், "இது சும்மா ஏமாத்து வேலை" என்று கோபப்பட்டார். இடையில் வந்து உட்கார்ந்த அம்மா கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து குசினிக்குப் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். மூன்றாம் நாள் உடுப்பு மடிக்கும்போது, உங்கள் முகத்தைப் பார்க்காமலே, "அந்தப் பெடியன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?" என்று கேட்டார். நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

ஒரு கற்பனைக் கதைக்கு இவ்வளவு அழுவது சாதாரணமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெற்ற பிள்ளையை இழந்த அம்மாவே அழாதபோது, ஒன்றும் ஞாபகமில்லாத எனக்கு அழ என்ன உரிமை என்பது ஒன்று. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மற்றது. டிசம்பர் 26 அன்று ஊர் இளைஞர் கழகத்தில் இந்தத் தொடரைப் போடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் உளவளத்துணையாளர். சுனாமிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கத்து முகாம்களில் தொடங்கி, இன்றுவரை இந்த மாவட்டத்திலேயே வேலை செய்கிறேன். மனநல வைத்தியர் இல்லை. நோய் இது என்று பெயர் வைப்பதும் மருந்து கொடுப்பதும் என் வேலையில்லை. உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அதனால் அவருடைய மனதில் ஓடுவது இதுதான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். அவரைப்போல் பலரோடு இருந்து பழகியதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, தொடரின் முடிவை உடைக்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது. பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

தொடரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2009 இல் ஜப்பானின் பூஜி தொலைக்காட்சியில் வந்தது, மொத்தம் 11 பகுதிகள். மிராய் என்ற பள்ளிக்கூடப் பிள்ளையும் அவளுடைய தம்பி யூகியும் விடுமுறையில் ஒடைபா என்ற இடத்துக்கு ரோபோ கண்காட்சி பார்க்கப் போகிறார்கள். அங்கே நிற்கும்போது பெரிய நிலநடுக்கம் வருகிறது. மாரி என்ற பெண், மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவர், இவர்களுக்குத் துணையாக வருகிறார். மூவரும் வீடு நோக்கி நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், இது ஆய்வுகளின் அடிப்படையில் செய்த கற்பனை என்று ஓர் அறிவிப்பு வரும். செய்தி வாசிக்கும் காட்சிகளில் கிறிஸ்டல் தகிகாவா என்ற உண்மையான செய்தி வாசிப்பாளரே தன் பெயரில், தன் குரலில் வருகிறார். ஆக, பார்க்கிறவரின் மனம் "இது கதைதானே" என்று சாய்ந்து உட்காராதபடி முதலிலேயே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அழுகைக்கான காரணத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

மற்றப் பங்கு அந்த நடை. 2004 இல் சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கியது, இலங்கையில் 35,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள் என்று கேட்டால் நாம் தலையை ஆட்டுவோம். அந்தத் தொகைக்கு யாரும் அழுவதில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், இரவு எங்கே படுப்பது, தம்பிக்குக் கால் நோகுதா, அம்மாவின் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு பிள்ளையோடு பத்துப் பகுதி நடந்து வந்தால், அந்தப் பிள்ளை நமக்குத் தெரிந்த பிள்ளையாகிவிடுகிறது. தெரிந்த பிள்ளைக்கு ஒன்று நடந்தால் அழத்தான் செய்வோம். படமாக வரைந்த முகத்தில் விவரம் குறைவு, அதனால் நம் வீட்டு முகத்தை அதில் வைத்துப் பார்ப்பது சுலபம் என்றும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அது என் ஊகம், நிரூபித்த விஷயம் இல்லை.

அழுதால் மனம் லேசாகிவிடும் என்று எல்லாரும் சொல்வோம். அது பாதி சரி. 2015 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சோகப் படம் ஒன்றைக் காட்டிப் பார்வையாளர்களின் மனநிலையை அளந்தார்கள். அழுதவர்களுக்குப் படம் முடிந்த கையோடு மனநிலை இன்னும் கீழே போயிருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடம் கழித்து அளந்தபோது, படம் பார்க்கத் தொடங்கியபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் அழுத உடனே மனம் லேசாகவில்லையே, எனக்கு என்னவோ ஆகிவிட்டதோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது உதவும். உங்களுக்கோ 90 நிமிடத்தில் முடியவில்லை, இரண்டு நாள் போயிருக்கிறது. அதனால் படம் எதையோ தொட்டு எழுப்பியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எதை என்று யோசிப்போம். இரண்டு வயதில் நடந்ததைக் கதையாக நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. வளர்ந்த மனிதரின் ஞாபகம் பெரும்பாலும் மூன்று மூன்றரை வயதுக்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே அலையை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு அழவில்லை. அலைக்குப் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்பது வேறு கதை. அதற்குள்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். டிசம்பர் பிறந்ததும் வீட்டில் சத்தம் குறைகிறது. கடற்கரைக்குப் போகிறேன் என்றால் அம்மாவின் குரல் மாறுகிறது. அந்த நாளில் மீன் சமைப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுனாமிக்குப் பிறகு பல மாதம் நம் பக்கத்துச் சனம் மீனே தொடாமல் இருந்தது உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். காரணத்தைப் பிள்ளைகளிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கதைக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை நான்கு வயதிலேயே படித்துவிடும்.

பெற்றோரின் அதிர்ச்சி மரபணு வழியாகவே பிள்ளைக்கு இறங்கும் என்று இணையத்தில் நிறைய வாசித்திருப்பீர்கள். அதை இன்றைக்கு உறுதி என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகள் நடக்கின்றன; மனிதர்களில் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் இணக்கம் இல்லை. வளர்ப்பு வழியாக, மௌனத்தின் வழியாக, வீட்டுப் பழக்கங்களின் வழியாக வந்து சேர்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள், தங்கச்சி. உங்களுக்கும் ஒரு அண்ணா இல்லாமல் போயிருக்கிறார். அவரோடு சண்டை பிடிக்கவும் விளையாடவும் கிடைக்காத காலமெல்லாம் உங்களுடைய இழப்புத்தான். ஒரு அக்காவும் தம்பியும் பதினொரு பகுதிக்கு எரிச்சல்படுவதும் சமாதானமாவதுமாக நடப்பதைப் பார்த்தபோது, அண்ணா இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு யாரோ முதல்முறையாக வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

முதல் பகுதியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். மிராய்க்கு வீட்டில் எல்லார்மேலும் கோபம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்ததே எரிச்சல். போனில், இதெல்லாம் உடைந்து நொறுங்கிப் போனால் நல்லது என்ற மாதிரி ஒன்றைத் தட்டுகிறாள். அடுத்த கணம் நிலம் நடுங்குகிறது. எழுதினவர்களுக்குப் பிள்ளை மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. முகாம்களில் நான் கண்ட பிள்ளைகளில் பலரை உள்ளுக்குள் அரித்தது அலையைவிட இந்த மாதிரி ஒரு சொல்தான். "காலமை அவனோட சண்டை பிடிச்சனான்", "செத்துப் போ எண்டு சொன்னனான்", "என்ர கையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்." அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். பள்ளிக்கூடம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் நின்ற நாள். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி சண்டை எந்த வீட்டில்தான் இருந்திருக்காது? தான் நினைத்ததால்தான் இது நடந்தது என்ற நினைப்பு எட்டுப் பத்து வயதுவரை பிள்ளைகளிடம் மிக இயல்பாக வரும். பெரியவர்கள் அதைப் பிடுங்கி எடுத்து, "இல்லை, உன்னாலே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால்தான் போகும். யாரும் சொல்லாவிட்டால் முப்பது வயதிலும் உள்ளே கிடக்கும். இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ஒரு இளைஞர் கூட்டத்தில் வந்து கதைத்தவர்களில், கூடப்பிறந்தவரை இழந்தவர்கள் முடிவைவிட இந்த முதல் காட்சியில்தான் உடைந்து போனார்கள் என்பதைக் கவனித்தேன்.

சரி, முடிவுக்கு வருவோம். தொடரின் பிற்பகுதியில் யூகி மயங்கி விழுகிறான், அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகும் மிராயோடு நடந்துதான் வருகிறான், சிரிக்கிறான், கதைக்கிறான். அவனுக்கு வேறு யாரும் பதில் சொல்வதில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. முடிவுக்குச் சற்று முன்னால்தான் அவன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டான் என்றும், மிராயின் மனம் அதை ஏற்காமல் அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றும் தெரிகிறது. உங்கள் மச்சான் ஏமாத்து வேலை என்றது இதைத்தான். அந்தக் கோபம் பலருக்கு வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பார்க்கிறவரிடம் ஒரு உண்மையை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது மலிவான தந்திரமாகப் படவில்லை. மிராய்க்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் இருந்தால்தான், ஏற்க மறுக்கும் மனம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று நாம் உணர முடியும். வெளியே நின்று பார்த்தால் "பாவம், விசராக்கிப் போட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இதைச் சொல்லி மச்சானோடு வாதாட வேண்டாம். கோபமும் ஒரு எதிர்வினைதான். சில ஆண்களுக்கு அழுகை வருகிற வழி அதுதான் என்று என் அனுபவம் சொல்கிறது, உங்கள் மச்சானும் அப்படியா என்று எனக்கு எப்படித் தெரியும்.

இறந்தவரைக் காண்பதும் குரலைக் கேட்பதும் பைத்தியத்தின் அறிகுறி என்று நம் ஊரில் பலர் பயப்படுகிறார்கள். இதில் நல்ல உறுதியோடு சொல்லக்கூடிய செய்தி இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற வைத்தியர் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து, அதன் முடிவை 1971 இல் வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் கண்டும் கேட்டும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவர்கள் நோயாளிகள் இல்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. நம் பக்கத்தில் கதைத்துப் பாருங்கள், விடியப்புறம் பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்த தாய்மார் எத்தனையோ பேர். அந்தத் தாய்மாருக்கு யாராவது முதலில் சொல்ல வேண்டியது, "உங்களுக்கு விசர் இல்லை" என்பதைத்தான்.

இனி உங்கள் அம்மா. உடல் கிடைக்காத சாவு மற்றச் சாவுகளைப் போல இல்லை. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். ஆள் இல்லை என்பது அறிவுக்குத் தெரியும், ஆனால் இல்லை என்று முடித்துவைக்கக் கையில் ஒன்றும் இருக்காது. போரில் பிள்ளைகள் காணாமல் போன தாய்மார் உள்ள மாவட்டத்தில் இதை நான் விளக்கத் தேவையில்லை. நம் சடங்குகளெல்லாம் சாவுக்கு ஒரு திகதி கொடுப்பவை. எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று படிப்படியாக மனதை நகர்த்திக்கொண்டு போகும். திருகோணமலைச் சைவர்கள் முப்பத்தோராம் நாள் கடமையான அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவது வழக்கம். இராவணன் தன் தாய்க்குக் கடமை செய்த இடம் என்பது ஐதீகம். உடல் இல்லாத வீடுகளில் சிலர் தருப்பையில் உருச் செய்து கடமையை முடித்தார்கள். சிலர் செய்யவே இல்லை, செய்தால் பிள்ளை வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே தவிப்பை வேறு வடிவங்களில் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சடங்கு நடந்ததா இல்லையா என்று அம்மம்மாவிடமோ மாமியிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அம்மாவைப் புரிந்துகொள்ள அது உதவும்.

அம்மா அழாமல் எழுந்து போனதை வைத்து அவருக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணீர் இழப்பின் அளவுகோல் இல்லை, இதை மிகவும் உறுதியாகச் சொல்வேன். நேரில் அனுபவித்தவர்களுக்குப் படம் வேறு வழியால் உள்ளே போகும். உங்களுக்குக் கதை போனது. அவருக்குச் சத்தம் போயிருக்கலாம், ஓடுகிற சனம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். உடம்பு அதை முதலில் பிடித்துக்கொள்ளும். இப்படி நடக்கும் என்பது ஜப்பானியருக்குத் தெரியும். 2022 இல் 'சுசுமே' என்ற அனிமே படம் வெளிவந்தபோது, படத்தில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி வருகிறது என்று பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தார்கள். 2011 இல் ஜப்பானில் வந்த நிலநடுக்கத்தையும் சுனாமியையும் கடந்து வந்த சனம் அந்த ஒலியைக் கேட்டால் என்னவாகும் என்று நினைத்துச் செய்த வேலை அது. நமக்கு 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறது. சுமாத்திராப் பக்கம் மறுபடி நிலம் நடுங்கி எச்சரிக்கை வந்ததும், கரையோரச் சனம் மேட்டுநிலம் தேடி ஓடியது. அன்று பெரிய அலை வரவில்லை. ஆனாலும் சில அம்மாமார் ஒரு வாரம் பிள்ளைகளை வெளியே விடவில்லை. படம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சு பதறும்போது, எழுந்து போய்க் கைக்குப் பழகிய வேலை ஒன்றைச் செய்வது மனிதர் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்கிற நல்ல வழி. தேங்காய் துருவியதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அதற்காக அம்மாவை உட்காரவைத்து, "எல்லாத்தையும் சொல்லுங்கோ அம்மா, சொன்னால்தான் பாரம் குறையும்" என்று தொடங்கிவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த பல குழுக்கள் இதைத்தான் செய்தன. அலையை வரையச் சொன்னார்கள், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார்கள், அடுத்த வாரம் போய்விட்டார்கள். திறந்த காயத்தோடு பிள்ளைகள் இருந்தார்கள். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார்கள். பின்னர் 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும், கதைக்கச் சொல்லி வற்புறுத்தாதே, கதைக்க வந்தால் கேள் என்றுதான் சொல்கிறது.

கதைக்க வந்தால் கேள். உங்கள் அம்மா வந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து, உடுப்பு மடிக்கிற சாக்கில், முகத்தைப் பார்க்காமல் கேட்டாரே, அது அந்தத் தொடரைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. முழுக்கப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. ஆனால் பாதியில் விட்டதை மறக்கவும் முடியவில்லை. இதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். "ஓம், போய்ச் சேர்ந்தவன்" என்று சொல்லிவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள், அன்பினால்தான் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம். நிச்சயமில்லாத பதில்களோடு இத்தனை வருடம் வாழ்ந்த ஒருவருக்கு இன்னுமொரு பொய் தேவையில்லை. நாளைக்கு வேறு யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால், உங்களிடம் கேட்கிற கதவையும் மூடிவிடுவார்.

எப்படிச் சொல்வது? இருவரும் கையில் ஏதாவது வேலையாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள், மரக்கறி வெட்டும்போதோ திரும்ப உடுப்பு மடிக்கும்போதோ. நேருக்கு நேர் உட்கார்ந்து கதைப்பது இந்த விஷயத்தில் நம் அம்மாமாருக்குக் கஷ்டம். "அண்டைக்குக் கேட்டீங்கள், நான் சொல்லேல்லை. அந்தப் பெடியன் வீட்டுக்குப் போகேல்லை அம்மா. வழியிலேயே செத்துப்போனான். அக்காக்காரிக்கு அது தெரியாமல் அவனோட கதைச்சுக்கொண்டே வாறாள், கடைசியிலதான் விளங்குது." இவ்வளவு போதும். பிறகு நிறுத்துங்கள். நிரப்ப வேண்டும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த உடுப்பை எடுத்தால் அதுவும் பதில்தான். அவர் கேட்டால், நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று சொல்லுங்கள்: "எனக்கு அண்ணாவை நினைச்சு அழுகை வந்தது." இந்த ஒரு வசனம் உங்கள் வீட்டில் எத்தனை வருடமாக யாரும் சொல்லாமல் இருக்கிறதோ. அண்ணா எப்படிப்பட்ட பிள்ளை, என்ன சாப்பிட விருப்பம், உங்களைத் தூக்கி வைத்திருந்தாரா என்று உங்களுக்குத் தெரியவேண்டியதைக் கேளுங்கள். அலை வந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைச் சொல்வதும் விடுவதும் அம்மாவின் விருப்பம்.

இதெல்லாம் செய்தும் அம்மாவுக்குச் சில வாரங்களாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் சேராமல் ஒதுங்குகிறார், இருந்து என்ன பயன் என்ற மாதிரிக் கதைக்கிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரச ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் அவசரமாக யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்களுக்கும் இதே அளவுகோல்தான். இரண்டு நாள் அழுததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த அழுகை ஓயாமல் வாரக்கணக்கில் நீண்டு, படிப்பும் வேலையும் தடைப்பட்டால் வந்து ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக, டிசம்பர் 26. அன்று போட வேண்டாம். அந்த நாள் விளக்கேற்றவும் பெயர் சொல்லவும் உள்ள நாள். உங்கள் ஊரில் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சொந்த இழப்பு இருக்கும். காட்டத்தான் விருப்பமென்றால் வேறொரு மாதத்தில், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஒரே இரவில் பதினொன்றையும் போடாமல் மூன்று நான்கு நாளாகப் பிரித்துக் காட்டுங்கள். நிலநடுக்கம் வரும், ஒரு சின்னப் பிள்ளையின் சாவு வரும் என்பதைத் தொடங்க முன்னரே சொல்லிவிடுங்கள். சொன்னால் கதையின் திருப்பம் கெட்டுப்போகும் என்று கழகத்தில் யாராவது வாதாடுவார்கள், கெட்டுப்போகட்டும். கதவைத் திறந்தே வையுங்கள், எழுந்து போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். வெளியே தண்ணீரும் இரண்டு கதிரையும், கதைக்காமல் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரு மூத்தவரும் இருந்தால் நல்லது. ஒவ்வொரு நாளும் முடிந்த கையோடு விளக்கைப் போட்டு எல்லாரையும் அனுப்பிவிடாமல் ஒரு தேத்தண்ணி கொடுத்து அரை மணித்தியாலம் இருக்கவிடுங்கள். தேதி முடிவானால் எழுதுங்கள், அந்த மாதம் மாவட்டத்தில் நின்றால் நானும் வந்து அந்த வெளிக்கதிரையில் இருக்கிறேன்.